அம்மாவுக்கு முதுகில் ஸ்க்ரூ போடணுமா, டெலஸ்கோப் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாம்பன்_பையன்:

வணக்கம். எங்கள் ஊர் பாம்பன் சின்னப்பாலம். அம்மாவுக்கு 54 வயது. கல்யாணம் ஆன வருடத்திலிருந்து கடல்பாசி எடுக்கப் போகிறவர். முன்பு வத்தையில் (சின்னப் படகு) போய், கண்ணில் கண்ணாடியும் விரலில் துணிச்சுற்றுமாக முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பார். இப்போது சில வருடமாக மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் பெப்சி பாசி என்கிற வளர்ப்புப் பாசி. 45 நாளுக்கு ஒருமுறை பாசி கனத்த மிதவையைக் கரைக்கு இழுத்துத் தூக்க வேண்டும், அப்படித் தூக்கும்போதுதான் இடுப்பு பிடித்தது என்று அவர் சொல்கிறார். எனக்கென்னவோ பல வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த வலி என்றுதான் தோன்றுகிறது.

வலி எப்படி என்றால், தெருவில் 100 அடி நிமிர்ந்து நடந்தால் இரண்டு காலும் மரத்துப்போய் உட்கார இடம் தேடுகிறார். திண்ணையில் உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். ஆனால் நாலு குடம் வைத்த தண்ணீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனால் அரை மைல்கூட நடக்கிறார். இதனாலேயே வீட்டில் யாரும் முதலில் நம்பவில்லை. நானும்தான்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். இடுப்புப் பக்க முதுகெலும்பில் எல்4 எலும்பு அதற்குக் கீழே இருக்கும் எல்5 மேல் கொஞ்சம் முன்னால் நழுவியிருக்கிறது, கிரேடு 1, நரம்பு போகிற பாதையும் சுருங்கியிருக்கிறது. மாத்திரை, பிசியோ, இடுப்பு ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஏழு மாதம். ஒரு டாக்டர் 4 ஸ்க்ரூ, 2 ராடு (கம்பி), இரண்டு எலும்புக்கும் நடுவில் கேஜ் என்று ஒரு கூடு போடணும் என்கிறார். இன்னொருவர், அதெல்லாம் வேண்டாம், சின்னத் துளை போட்டு டெலஸ்கோப் விட்டு அழுத்துவதை மட்டும் எடுத்துவிடலாம் என்கிறார். இரண்டு பேருமே நல்ல டாக்டர்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், அதுதான் குழப்பமே. எது புதுசு, எது நல்லது? அப்புறம் அம்மாவின் கேள்வி ஒன்று, சிரிக்காதீர்கள்: கடல் தண்ணியில் நிற்கிற உடம்பு, உள்ளே வைக்கிற இரும்பு துருப்பிடிக்காதா?

ஓடி_டெக்_கீழக்கரை:

தம்பி, நான் டாக்டர் இல்லை. 14 வருடமாக மதுரையில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன், முதுகுத்தண்டு கேஸ் வாரத்துக்கு நாலைந்து பார்க்கிறேன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்று: சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலோ இந்தத் திரியைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ வண்டி ஏற்றுங்கள்.

தண்ணீர் வண்டி விஷயம் பொய்யே இல்லை. முன்னால் குனிந்தால் நரம்புப் பாதை கொஞ்சம் அகலமாகும், நிமிர்ந்தால் சுருங்கும். வெளிநாட்டுப் புத்தகங்களில் கடையில் சாமான் வண்டி தள்ளினால் வலி குறைகிறதா என்று கேட்கச் சொல்லியிருப்பார்கள். நம்ம பக்கம் குடவண்டி, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டில் எல்லோரும் அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

சரி, ஸ்க்ரூவா டெலஸ்கோப்பா என்ற கேள்வியே கொஞ்சம் கோணல். ஸ்க்ரூ எலும்பை ஆடாமல் நிறுத்துவதற்கு. டெலஸ்கோப் வெறும் கண். அதை வைத்துக்கொண்டு என்ன வேலை செய்கிறார்கள் என்பது வேறு. டெலஸ்கோப் வழியாகக் கேஜ் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், முதுகைத் திறந்து ஸ்க்ரூ இல்லாமல் அழுத்தத்தை மட்டும் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கேள்வி, அம்மாவின் எலும்பு நழுவி அப்படியே நிற்கிறதா, இல்லை அசையும்போது இன்னும் நழுவுகிறதா என்பதாக இருக்க வேண்டும். எம்ஆர்ஐ படுக்க வைத்து எடுப்பது, படுத்தால் நழுவல் குறைந்து காட்டலாம். நின்றுகொண்டு குனிந்து ஒரு எக்ஸ்ரே, நிமிர்ந்து ஒரு எக்ஸ்ரே எடுத்தார்களா? எடுக்கவில்லை என்றால் இரண்டு டாக்டரும் சொன்னதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதை எடுங்கள்.

துருவைப் பற்றி அம்மா கேட்டது தியேட்டரில் பெரிய பெரிய ஆட்களே கேட்காத கேள்வி. நம் உடம்பே உப்புத் தண்ணிதான், சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று போட்டிருக்கும், கடலில் சுமார் 3.5. வெறும் இரும்பு வைத்தால் உள்ளேயே துருப்பிடிக்கும். முன்பு துருப்பிடிக்காத ஸ்டீல் வைத்தார்கள், இப்போது பெரும்பாலும் டைட்டானியம் கலவை. டைட்டானியம் காற்றோ தண்ணியோ பட்ட உடனே மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு தோல் போட்டுக்கொள்ளும், கீறினாலும் மறுபடி போட்டுக்கொள்ளும். எலும்பும் அதோடு ஒட்டி வளரும். 1952 வாக்கில் ஸ்வீடனில் பிரானேமார்க் என்ற ஆராய்ச்சியாளர் முயல் எலும்பில் வைத்த டைட்டானியத்தைக் கழற்ற வராமல் திணறித்தான் இது தெரியவந்தது. காந்தம் இழுக்காது, எம்ஆர்ஐயும் எடுக்கலாம், உலோகத்தைச் சுற்றிப் படம் கொஞ்சம் கலைந்து தெரியும். மணவாளக்குறிச்சி மணலில் எடுக்கிற இல்மனைட் இருக்கிறதே, டைட்டானியம் அதிலிருந்தும் வருவதுதான்.

எது புதுசு என்று கேட்டீர்கள், எதுவுமே ரொம்பப் புதுசு இல்லை. 1950களில் அமெரிக்காவில் ஹாரிங்டன் என்பவர் போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்காக ஒரு ஸ்டீல் கம்பி செய்தார், மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி, ஜாக்கி மாதிரி நெம்பி நிமிர்த்துவது, 1962ல் எழுதினார். இரண்டே இடத்தில் பிடித்ததால் முதுகின் இயற்கையான வளைவு போய்த் தட்டையாகிவிடும், மாதக்கணக்கில் மாவுக்கட்டும் போட வேண்டும். மெக்சிகோவில் லூகே என்ற டாக்டருக்கு அது சரிப்படவில்லை, அந்த வெக்கையில் மாவுக்கட்டோடு ஏழை வீட்டுப் பிள்ளைகள் எப்படி இருக்கும்? 1970களில் அவர் ஒவ்வொரு எலும்பையும் கம்பியோடு ஒயர் போட்டுக் கட்டினார், மாவுக்கட்டே வேண்டாம் என்று. எனக்கு இந்தக் கதையில்தான் பிடிப்பு, நம்ம ஊர் வெயிலில் கட்டுப் போட்டவனுக்குத் தெரியும். இதற்கிடையே பாரிஸில் ரோய்-கமில் என்ற டாக்டர் 1963லேயே எலும்பின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குப் போகும் பாலம் போன்ற பாகத்தின் வழியே ஸ்க்ரூ போட ஆரம்பித்திருந்தார். உங்கள் டாக்டர் சொல்லும் பெடிக்கிள் ஸ்க்ரூ அதன் பேரப்பிள்ளைதான். இடுப்புக்குச் சாதாரணமாக 6.5 மில்லிமீட்டர் தடிமன், 40, 45 மில்லிமீட்டர் நீளம், சுண்டுவிரலைவிட மெலிசு. அந்தப் பாலத்தின் உள்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கமே நரம்பு ஓடுகிறது, அதனால்தான் ஒவ்வொரு திருப்புக்கும் சி-ஆர்ம் என்ற, ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் எக்ஸ்ரேயைப் பார்த்துப் பார்த்துப் போடுவார்கள். ஸ்க்ரூவின் தலை நாலாபக்கமும் ஆடும்படி செய்ததுதான் அப்புறம் வந்த பெரிய வசதி, ராடு தானாக உட்கார்ந்துகொள்ளும்.

கேஜ் கதை இன்னும் வேடிக்கை. அது முதலில் குதிரைக்குச் செய்தது. கழுத்து நரம்பு அழுத்தித் தள்ளாடும் குதிரைகளுக்காக 1970களில் அமெரிக்காவில் பாக்பி என்ற எலும்பு டாக்டர் துளை போட்ட ஸ்டீல் கூடை ஒன்றைச் செய்தார், உள்ளே எலும்புத் தூளை நிரப்பி நடுவில் வைத்தால் துளை வழியே எலும்பு வளர்ந்து இரண்டும் ஒன்றாகிவிடும். அதிலிருந்து வந்த மனிதனுக்கான கேஜுக்கு அங்கே 1996ல் அனுமதி கிடைத்தது. இப்போது பீக் என்ற பிளாஸ்டிக்கிலும் வருகிறது, எக்ஸ்ரேயில் மறைக்காது, உள்ளே எலும்பு கூடுகிறதா என்று பார்க்கலாம்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள், ஸ்க்ரூ காலத்துக்கும் தாங்குவதற்கு இல்லை, எலும்பு கூடும்வரை பிடித்துக்கொள்ளத்தான். கூடாவிட்டால் ஒருநாள் ஸ்க்ரூ தளரும், இல்லை ராடு முறியும். அம்மாவுக்கு மாதவிலக்கு நின்ற வயது, எலும்பு அடர்த்தி டெக்ஸா பாருங்கள். சேற்றில் ஊன்றிய கழி நிற்கும், மணலில் ஊன்றினது ஆடும், நான் சொல்லியா தெரிய வேண்டும்? வெற்றிலையோடு புகையிலை போடுவார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வத்தைக்காரர்:

ஏரா (படகின் அடிமரம்) ஆடுகிறதா என்று பார்க்காமல் கலப்பத்து (பலகை இடுக்கை அடைப்பது) பார்த்தால் கரை தாண்டுவதற்குள் மறுபடி ஒழுகும். ஏரா நல்லா இருக்கும்போது அதைக் கழற்றிப் போடுகிறவன் ஆசாரியே இல்லை. கீழக்கரை சொல்வதும் அதேதான், நான் நாலு வரியில் முடித்துவிட்டேன்.

சங்குகாரர்_பேரன்:

ஏர்வாடிப் பக்கம். தாத்தா சங்கு குளித்தவர், நான் ஆஸ்பத்திரிகளில் எண்டோஸ்கோப், அதாவது நீங்கள் சொல்லும் டெலஸ்கோப், ரிப்பேர் பார்க்கிறவன். ஸ்க்ரூ பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை, அந்தக் கண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அம்மா கண்ணாடி போடாமல் முங்கினால் எல்லாம் புகையாகத் தெரியும் இல்லையா? கண்ணின் முன்பக்கமும் தண்ணியும் ஒளியை வளைப்பது கிட்டத்தட்ட ஒரே அளவு, அதனால் தண்ணிக்குள் கண்ணின் முன்பக்கத்துக்கு வேலையே இல்லாமல் போகிறது. கண்ணாடி போட்டதும் தெளிவது கண்ணாடியால் இல்லை, அதற்கும் கண்ணுக்கும் நடுவில் சிக்கிய காற்றால். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

உடம்புக்குள் பார்க்கணும் என்று 1806ல் ஜெர்மனியில் போட்சினி என்ற டாக்டர் மெழுகுவர்த்தி வைத்து ஒரு குழாய் செய்தார். 1870களின் கடைசியில் நிட்சே என்ற டாக்டர் லென்ஸ் போட்ட சிறுநீர்ப்பைக் குழாய் கொண்டுவந்தார். அப்புறம் 70, 80 வருடம் பெரிய முன்னேற்றம் இல்லை. நீளக் குழாய் முழுக்கக் காற்று, நடுநடுவே பொடி லென்ஸ்கள், படம் இருட்டு. லிவர்பூலில் கௌ என்ற சிறுநீரக டாக்டர், இதில் ஒரு போட்டோகூட எடுக்க முடியவில்லையே என்று ஹாப்கின்ஸ் என்ற இயற்பியல்காரரிடம் போய் நின்றார். ஹாப்கின்ஸ் என்ன செய்தார் என்றால் தலைகீழாக்கிவிட்டார்: காற்றுக் குழாயில் கண்ணாடி லென்ஸுக்குப் பதில், கண்ணாடிக் குழாயில் காற்று லென்ஸ். அதாவது நீள நீளமான கண்ணாடிக் கோல்களை வரிசையாக வைத்து, இடையில் மெல்லிய காற்று இடைவெளி விட்டார். வெளிச்சம் பல மடங்கு கூடிவிட்டது. 1959ல் காப்புரிமை. சொந்த நாட்டுக் கம்பெனிகள் கண்டுகொள்ளவில்லை, 1965ல் ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் வந்து வாங்கிக்கொண்டார். இன்றைக்கு மதுரையில் அம்மா முதுகுக்குள் போகப்போகிற குழாயிலும் பெரும்பாலும் அந்தக் கோல்தான் இருக்கும். அதே ஹாப்கின்ஸ்தான் 1954ல் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியோடு சேர்ந்து கண்ணாடி இழைக் கட்டு வழியாகப் படம் அனுப்பிக் காட்டியது. இப்போது கோல் படத்தை வெளியே கொண்டுவருகிறது, சுற்றியிருக்கும் இழைகள் வெளிச்சத்தை உள்ளே கொண்டுபோகின்றன. வெளியே ஒரு கேமரா, டிவி.

முதுகுக்குப் போகிற ஸ்கோப் மொத்தமே 7, 8 மில்லிமீட்டர். அதற்குள்ளேயே பார்வை, வெளிச்சம், தண்ணி, கருவி போக ஒரு துளை எல்லாம் இருக்க வேண்டும். நேராகப் பார்க்காது, 25, 30 டிகிரி சாய்ந்து பார்க்கும், சுழற்றினால் மூலைக்குப் பின்னாலும் தெரியும். இரண்டு துளை போட்டு ஒன்றில் பார்வை, இன்னொன்றில் கருவி என்று செய்கிறவர்களும் உண்டு.

இந்த ஆபரேஷன் முழுக்கத் தண்ணிக்கடியில்தான் நடக்கிறது. 3 லிட்டர் சலைன் பையை உயரத்தில் கட்டி விடாமல் ஓடவிடுவார்கள். அந்த அழுத்தம் சின்ன ரத்தக்கசிவை அமுக்கி, தூளைக் கழுவி வெளியே கொண்டுவரும். கசிவு அதிகமானால் டிவி முழுக்கச் சிவப்பு, கச்சான் காற்றில் மன்னார் பக்கம் கடல் கலங்குமே அப்படி. அப்போது கையை அசைக்காமல் கசியும் இடத்தைத் தேடிச் சுட்டு அடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. தாத்தா சொல்வார், கலங்கின தண்ணியில் கை போடுகிறவன் சங்கை எடுக்க மாட்டான், திருக்கையைத்தான் மிதிப்பான்.

தொழில்காரனாக ஒரு வார்த்தை. என் மேசைக்கு வருகிற ஸ்கோப்புகளை டியூப்லைட்டைப் பார்த்துப் பிடித்தால் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கறுப்பு தெரியும், யாரோ லேசாக வளைத்திருக்கிறார்கள், உள்ளே கோல் கீறிவிட்டது. இன்னும் சிலதில் சீல் போய் ஆவி உள்ளே இறங்கி மார்கழிக் காலைபோலப் பனி. உப்புத் தண்ணியில் போட்டுவிட்டு நல்ல தண்ணியில் அலசாமல் வைத்தால் துளைக்குள் உப்பு பூத்துவிடும், அவுட்போர்டு எஞ்சினுக்கு என்ன நடக்குமோ அதேதான். அதனால் கருவி புதுசா என்று கேட்காதீர்கள். டாக்டரிடம் இதே முறையில், இதே இடத்தில், எல்4 எல்5 சுருக்கத்துக்கு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கை பழக நாளாகிற வேலை இது.

தொண்டி_அக்கா:

தம்பி, எனக்கு 6 வருடத்துக்கு முன் 4 ஸ்க்ரூ போட்டார்கள். எனக்கு எலும்பு நன்றாகவே ஆடியது, குனிந்து நிமிர்ந்தால் உள்ளே கடக்கென்று ஒரு சத்தம் எனக்கே கேட்கும். கால் வலி ஆபரேஷன் முடிந்த மறுநாளே இல்லை. முதுகு வலி போக எட்டு மாதம் ஆனது, அதை யாரும் முன்னாடி சொல்லவில்லை.

எழுந்திருக்கும்போது அப்படியே நிமிரக் கூடாது, கட்டை மாதிரி ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இப்போதும் அப்படித்தான் எழுகிறேன், பழகிவிட்டது. எங்கள் வீட்டுக் கழிப்பறை குத்துக்கால் போட்டு உட்காருவது, அதனால் கமோடு நாற்காலி ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வையுங்கள், அப்புறம் ஓடாதீர்கள். அரிவாள்மனையில் உட்கார்ந்து மீன் ஆய்வது போயே போய்விட்டது. மேடையில் நின்றுகொண்டு கத்தியில் வெட்டுகிறேன், காரப்பொடி மீன் ஆய்வதற்குள் பொழுது போய்விடும்.

ஒரு குறை. எனக்குச் செய்த இடத்தில் என்ன ஸ்க்ரூ என்று எந்தச் சீட்டும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து மூட்டுக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போனால் உள்ளே என்ன உலோகம் என்று கேட்கிறார்கள், எனக்கு எப்படித் தெரியும்? மூன்று தடவை பஸ் ஏறி அலைந்து கடைசியில் ஒரு கடிதம் வாங்கினேன். ஒவ்வொரு ஸ்க்ரூ டப்பாவிலும் ஸ்டிக்கர் இருக்குமாம், கம்பெனி, அளவு, தொகுதி எண்ணோடு. டிஸ்சார்ஜ் சீட்டில் அதை ஒட்டித் தரச் சொல்லி வாங்குங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் எந்த முறை அதில் சேரும் என்று அட்மிட் ஆவதற்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள்.

பாம்பன்_பையன்:

எல்லோருக்கும் நன்றி. நின்று எடுக்கிற எக்ஸ்ரே எடுக்கவே இல்லை, திங்கட்கிழமை எடுக்கிறோம். கீழக்கரை அண்ணே, ஆடாமல் இறுக்குவதற்குப் பதில் ஆடுகிற செயற்கை டிஸ்க் என்று ஒன்று வீடியோவில் பார்த்தேன், அது? அப்புறம் ஸ்க்ரூ போடாமல் விட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று யாராவது கணக்கு எடுத்திருக்கிறார்களா?

ஓடி_டெக்_கீழக்கரை:

அந்த டிஸ்க் பெர்லினில் ஷாரிட்டே ஆஸ்பத்திரியில் வந்தது, 1984ல் முதலில் வைத்தார்கள். செய்தவர்களில் ஒருவர் கரின் பியூட்னர்-யான்ஸ், 1972 ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வாங்கியவர், பிறகு டாக்டரானார். வளைந்து பழகின உடம்புக்காரருக்குத்தான் வளைகிற டிஸ்க் தோன்றும்போல. ஆனால் எலும்பு நழுவியவர்களுக்கு அது ஆகாது, அம்மாவுக்கு இல்லை.

கணக்கு எடுத்திருக்கிறார்கள், அதிலும் டாக்டர்களுக்குள்ளேயே சண்டை. 2016ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஒரே இதழில் இரண்டு ஆய்வு வந்தது. ஸ்வீடனில் பாதை சுருங்கிய 247 பேர், பாதிக்கு மேல் நழுவலும் உண்டு, ஸ்க்ரூ போட்டதால் கூடுதல் பலன் இல்லை. அமெரிக்காவில் நழுவல் உள்ள 66 பேர், ஸ்க்ரூ போட்டவர்கள் கொஞ்சம் மேல், போடாதவர்களில் மூன்றில் ஒருவருக்கு 4 வருடத்துக்குள் மறுபடி ஆபரேஷன். பிறகு 2021ல் நார்வேயில் அம்மா மாதிரியே நழுவலும் சுருக்கமும் உள்ள 267 பேரைப் பார்த்தார்கள், இரண்டு வருடம் கழித்து நன்றாக இருந்தவர்கள் ஸ்க்ரூ இல்லாமல் 100க்கு 71, ஸ்க்ரூவோடு 73. கிட்டத்தட்ட ஒன்றுதான். மறு ஆபரேஷன் மட்டும் ஸ்க்ரூ இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் கூட. என் கருத்து, எலும்பு ஆடவில்லை என்றால் முதலில் சின்ன வேலையைச் செய்துவிட்டு ஸ்க்ரூவைக் கையில் வைத்துக்கொள்வது. டெலஸ்கோப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை, மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்வது 1977லிருந்து இருக்கிறது, பழகின கையாக இருந்தால் அதுவும் நல்லதே.

பாம்பன்_பையன்:

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. குனிந்ததிலும் நிமிர்ந்ததிலும் நழுவல் ஒரே அளவுதான், 1 மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ஸ்க்ரூ சொன்ன டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். படத்தை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி, அழுத்தத்தை மட்டும் எடுக்கலாம், ஆனால் பின்னால் ஸ்க்ரூ போட வேண்டி வந்தால் என் மேல் கோபப்படக் கூடாது என்றார். அப்படிச் சொன்னதே எங்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அவர் துளை வழியாகச் செய்வதில்லை, அதனால் இன்னொரு டாக்டரிடம் போகிறோம். எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன், கோபப்படாமல் பதில் சொன்னார்.

டெக்ஸாவில் எலும்பு கொஞ்சம் குறைவு, மாத்திரை தொடங்கியிருக்கிறது. புகையிலைப் பொட்டலத்தை அம்மாவே எடுத்துக் கொடுத்துவிட்டார், இன்னொன்று எங்கே வைத்திருக்கிறார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

தண்ணிக்கடியில் கண்ணாடி போட்டுப் பார்த்துச் செய்கிற ஆபரேஷன் என்று சொன்னதும் அம்மாவுக்குப் பாதி பயம் போய்விட்டது. கலங்கினால் அவசரப்படாமல் தெளிகிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல் டாக்டரை, என்கிறார். தேதி கிடைத்ததும் எழுதுகிறேன். தொண்டி அக்கா, அந்தக் கமோடு நாற்காலி ராமநாதபுரத்தில் எந்தக் கடைத்தெருவில் வாங்கினீர்கள்?